“பையனை உளவியலாளர் பார்க்கணுமாம்!”

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். பாட நேரத்தில் பக்கத்துப் பிள்ளைகளைக் கிள்ளுகிறான், சேட்டை செய்கிறான். பள்ளி உளவியலாளர் அவனைப் பார்க்க வேண்டும் என்கிறார் ஆசிரியை. மனநோயாக இருக்குமோ? மாத்திரை கொடுத்துவிடுவார்களோ?
– ஒரு தாய்

பதில்: பயப்படாதீர்கள், அம்மா. மருந்து எழுதுவது மருத்துவரின் வேலை. பையன் எங்கே திணறுகிறான், ஏன் திணறுகிறான் என்று கண்டுபிடிப்பதுதான் பள்ளி உளவியலாளரின் வேலை.

முதலில் கண், காது பரிசோதனை முடிந்ததா என்று கேட்பார். 1896இல் அமெரிக்காவில் லைட்னர் விட்மர் தொடங்கிய உளவியல் மையத்துக்கு முதலில் வந்தவனே, எழுத்துக்கூட்டத் தெரியாமல் தவித்த ஒரு பள்ளிச் சிறுவன்தான். அவனுக்குப் பார்வைக் குறையும் இருந்தது.

அடுத்து, வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து சுமார் 20 நிமிடம் கவனிப்பார். 15 விநாடிக்கு ஒருமுறை, அவன் பாடத்தில் இருக்கிறானா இல்லையா என்று குறிப்பார். அதே வகுப்பின் இன்னொரு பிள்ளையையும் அப்படியே குறிப்பார். வகுப்பே கலகலவென்று இருந்தால் இவனை மட்டும் குறை சொல்ல முடியாதல்லவா? புது ஆள் வந்தால் பிள்ளைகள் அடங்கி உட்காருவார்கள். அதனால் ஒரு நாள் பார்த்தது போதாது. வேறு நாளில், வேறு பாடத்திலும் பார்க்க வேண்டும்.

கிள்ளுவதற்கு முன் என்ன நடந்தது, கிள்ளிய பின் என்ன கிடைத்தது என்பதுதான் முக்கியம். அவன் சத்தமாக வாசிக்க வேண்டிய முறை நெருங்குகிறது, கிள்ளுகிறான், வெளியே நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாசிப்பிலிருந்து தப்பித்துவிட்டான்! நாம் தண்டனை என்று நினைப்பது அவனுக்கு விடுதலை. எவ்வளவு தண்டித்தாலும் சேட்டை குறையாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

எனவே வாசிப்பையும் சோதிப்பார். வகுப்புக்கேற்ற மூன்று பத்திகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். சரியாக வாசித்த சொற்களை எண்ணி, மூன்றில் நடு எண்ணை எடுத்துக்கொள்வார். பின்தங்கியிருந்தால் சிறு குழுவில் கூடுதல் பயிற்சி, வாரம் ஒருமுறை அதே ஒரு நிமிட அளவீடு. ஆறு முதல் எட்டு வாரத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டால் பயிற்சி முறையை மாற்ற வேண்டும். பிறகும் தேறாவிட்டால் முழு மதிப்பீடு. அதற்கு உங்கள் சம்மதம் கேட்பார்கள். என்னென்ன சோதனை, எதற்காக என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள்.

கேள்வி: என் மாணவி ஒருத்திக்கு ஐக்யூ (நுண்ணறிவு எண்) 88 என்று அறிக்கை வந்திருக்கிறது. மந்தமான பிள்ளையா?
– ஓர் ஆசிரியை

பதில்: இல்லவே இல்லை. இந்தச் சோதனைகளில் சராசரி 100. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையில்தான் வருவார்கள். அளவீட்டுப் பிழையும் உண்டு. அறிக்கையில் 88க்குப் பக்கத்தில், உண்மையான மதிப்பெண் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று ஒரு வீச்சு இருக்கும், அதைப் பாருங்கள். உட்பிரிவு மதிப்பெண்களையும் பாருங்கள். சொல்லறிவு உயர்ந்தும் வேலையை முடிக்கும் வேகம் மிகத் தாழ்ந்தும் இருந்தால், மொத்த எண் இரண்டையும் மறைத்துவிடும். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தேர்வில் கூடுதல் நேரம் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் பேசாத மொழியில் சோதித்திருந்தால் சொல்லறிவு மதிப்பெண்ணை அப்படியே நம்பக் கூடாது.

கேள்வி: பள்ளி உளவியலாளர் வைக்கும் சோதனைக்கு மகளை எப்படித் தயார்ப்படுத்துவது?
– ஒரு தந்தை

பதில்: பயிற்சி கொடுக்காதீர்கள். மாதிரிக் கேள்விகளைப் பழகிவிட்டால் மதிப்பெண் பொய்யாக ஏறும், கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமல் போகும். “ஒரு மிஸ் சில புதிர் கொடுப்பாங்க. சிலது ஈஸி, சிலது கஷ்டம். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம்” என்று முந்தின நாள் சொன்னால் போதும். நன்றாகத் தூங்க விடுங்கள், கண்ணாடி போடுபவள் என்றால் மறக்காமல் அனுப்புங்கள். காய்ச்சலாக இருந்தால் வேறு நாள் கேளுங்கள்.