கல்லூரி மாணவர்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் சேர உதவுவதால் உண்மையிலேயே பயன் உண்டா?

நாங்கள் நாலைந்து பேர் கும்பகோணத்தில் படிக்கிறோம். மூன்று வருடமாக மே, ஜூனில் குடவாசல் பக்கக் கிராமங்களில் பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளோடு உட்காருகிறோம். பயன் உண்டு. வழிகாட்டப் போகிறோம், ஊக்கம் கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்பில்தான் போனோம். போனால், வேலை முழுக்கச் சான்றிதழிலும் செல்போன் நம்பரிலும் கிடந்தது.

போன வருடம் ஒரு பெண். கட்ஆஃப் 200-க்கு 158 (கணக்குக்கு 100, இயற்பியல், வேதியியலுக்கு ஐம்பது ஐம்பது). இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு பிரவுசிங் சென்டரில் பதிவு செய்திருந்தாள். வீட்டு போனில் ரீசார்ஜ் இல்லை என்று கடைக்காரர் தன் நம்பரையே போட்டுவிட்டார். ஓடிபி எல்லாம் அவருக்குப் போனது. சான்றிதழ் தெளிவாக இல்லை, மறுபடி ஏற்றுங்கள் என்ற செய்தியும் அவருக்கே போனது. அவரிடம் அப்படி எத்தனையோ பேர், எதையென்று பார்ப்பார்? கடைசி நாளுக்கு முந்தைய நாள்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

அதே வீட்டில் இன்னொன்று. அம்மா தோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "இத அடகு வச்சா முதல் பீஸ் கட்டிடலாமா தம்பி?" என்றார். யாரோ வந்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் (கவுன்சிலிங் இல்லாமல் கல்லூரியே நேரடியாகத் தரும் இடம்) சீட் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளோ ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. அப்படிப் படித்தவர்களுக்கு 2021 முதல் இன்ஜினியரிங்கிலும் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. கவுன்சிலிங்கில் அந்த இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு அரசு தரும் புதுமைப் பெண் பணம் மாதம் 1,000 ரூபாய் வேறு. அம்மா நம்பவில்லை. தலைமையாசிரியரை போனில் பேசவைத்த பிறகுதான் தோடு காதுக்குத் திரும்பியது.

நாங்களும் சொதப்பியிருக்கிறோம். முதல் வருடம் ஒரு பையனிடம், விருப்பப் பட்டியலில் பத்துக் கல்லூரி போதும் என்று சொன்னது நான்தான். ஒன்றும் ஒதுக்கீடாகவில்லை. அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் உறுத்தியது. அடுத்த சுற்றில் எழுபது எண்பது போட்டு இடம் வாங்கினோம்.

நீங்களும் தொடங்குவதாக இருந்தால் ஏப்ரலிலேயே போய்விடுங்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரி என்று எல்லாச் சான்றிதழுக்கும் இ-சேவையில் போட்டு, விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) என்று கைமாறி வர நாளாகும். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் அணை திறந்துவிட்டால் அப்புறம் குறுவை நெல் வேலை, வீட்டில் யாரையும் பிடிக்க முடியாது. அப்பாவின் கையெழுத்துக்காக நாற்றங்கால் வரப்பில் நின்றிருக்கிறோம், சேறு படாமல் ஃபைலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு.