தெருச் சண்டையில் பேச்சு நின்றுபோன இரு தரப்பை வட்டமாக உட்காரவைத்துப் பேசவைப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது: தெரு விழாவில் இரவு ஒலிபெருக்கி நிற்கவில்லை, ஒரு வீட்டுக்காரர் வந்து ஒயரைப் பிடுங்கினார், தள்ளுமுள்ளு ஆனது, அதிலிருந்து தெருவே இரண்டாகிக் கிடக்கிறது, மறுசீரமைப்பு நீதி வட்டம் இதற்கு உதவுமா, எப்படி நடத்துவது?

உதவும். தண்டனை தேடாமல், நடந்ததால் யாருக்கு என்ன பாதிப்பு, அதை எப்படிச் சரிசெய்வது என்று சம்பந்தப்பட்டவர்களே உட்கார்ந்து பேசுவதுதான் இந்த வட்டம். ஆனால் வட்டமாக உட்காரும் அந்த இரண்டு மணி நேரம் மொத்த வேலையில் பாதிகூட இல்லை. அதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச வேண்டும். சில வாரம் கழித்து மறுபடி எல்லோரும் கூட வேண்டும். இவற்றை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் கூட்டினால் இருக்கிற சண்டை இன்னும் பெரிதாகும்.

வட்டம் என்ற பெயரில் பல முறைகள் உண்டு. கனடாவின் யூகான் பிரதேசத்தில் மேயோ என்ற ஊரில் 1992-இல் நீதிபதி பேரி ஸ்டூவர்ட் நீதிமன்ற அறையின் இருக்கைகளை மாற்றி எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துத் தண்டனையைப் பற்றிப் பேசினார். அங்குள்ள பூர்வகுடிகளின் வழக்கத்திலிருந்து வளர்ந்த அமைதி வட்டங்களில் ஒரு பொருள் கைமாறி வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசுவார். இன்னொரு முறை பிரேசிலில் உருவானது. 1990களில் ரியோ டி ஜெனிரோவின் ஃபவேலா எனப்படும் ஏழைக் குடியிருப்புகளில், போதைக் கும்பலுக்கும் போலீசுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மக்களோடு சேர்ந்து டொமினிக் பார்ட்டர் அதை வளர்த்தெடுத்தார். 2005-இல் பிரேசில் அரசின் முன்னோட்டத் திட்டத்தில் சாவோ காய்த்தானோ தோ சுல் நகரப் பள்ளிகளுக்கும் சிறார் நீதிமன்றத்துக்கும் அது போனது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பர்க்கின் வன்முறையற்ற தொடர்பாடல், அதாவது பழி சொல்லாமல் உணர்வையும் தேவையையும் பேசும் முறைதான் இதற்கு அடிப்படை. உங்கள் தெருவுக்குப் பார்ட்டரின் இந்த வட்டத்தையே சொல்வேன். கோபம் ஆறாத இரண்டு பேர் நேருக்கு நேர் பேசியாக வேண்டிய இடத்தில், முறை வரும்வரை காத்திருக்கும் வட்டத்தைவிட இது நன்றாக வேலை செய்யும்.

இதை நம்மூர்ப் பஞ்சாயத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே நாட்டாமை கிடையாது, அபராதம் கிடையாது. நடத்துபவர் யார் பக்கம் நியாயம் என்று வாய் திறக்கக் கூடாது, அறிவுரை சொல்லவும் கூடாது. எல்லோருக்கும் ஒரே உயர நாற்காலி. சாதியையோ வயதையோ காட்டி ஒருவரைத் தரையில் உட்காரச் சொல்லும் இடத்தில் வட்டம் நடக்காது; அங்கே முதலில் தீர்க்க வேண்டிய பிரச்சினை வேறு.

எதற்கெல்லாம் கூடாது என்பதையும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும் செயல், தொடரும் குடும்ப வன்முறை இவையெல்லாம் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியவை. ஊர் ஒற்றுமை என்று சொல்லி அவற்றை வட்டத்துக்குள் இழுப்பது பாதிக்கப்பட்டவரின் வாயை அடைப்பதுதான். ஒரு தரப்பு பயத்தில் தலையாட்டுவதாகத் தோன்றினாலும் வட்டம் வேண்டாம்.

இனி முன்சந்திப்பு. ஒவ்வொருவரோடும் தனியாக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். மூன்று வேலைகள் அதில் முடிய வேண்டும். முதலாவது, எந்தச் செயலைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பதை ஒரே வரியில் முடிவு செய்வது. அந்த வரி கேமராவில் பதிவாகக்கூடியதாக இருக்க வேண்டும். “விழாவை அவமதித்தார்” என்பது கேமராவில் விழாது. “ஒலிபெருக்கி ஒயரைப் பிடுங்கினார்” என்பது விழும். எதிர்த்தரப்பு “அப்படியானால் பதினொன்றரை மணிக்குச் சத்தம் வைத்தது செயல் இல்லையா?” என்று கேட்கும். நியாயமான கேள்வி. ஒன்றை எடுத்துத் தொடங்கினால் மற்றது வட்டத்தில் தானாக வரும், வந்தே தீரும் என்று சொல்லுங்கள். பத்து வருடப் புகார்களையும் ஒரே நாளில் எடுத்தால் எதுவுமே முடியாது.

இரண்டாவது, அவர் பேச்சைக் கேட்பது. வட்டத்தில் அடுத்தவர் சொல்வது காதில் விழ வேண்டுமானால், தன் பேச்சை யாராவது ஒருவர் முழுதாகக் கேட்டிருக்க வேண்டும். முன்சந்திப்பின் பெரும்பகுதி இதற்கே போகும், போகட்டும். மூன்றாவது, வட்டத்தில் இன்னும் யார் இருக்க வேண்டும் என்று கேட்டு, வர விருப்பமா என்று வெளிப்படையாகச் சம்மதம் வாங்குவது. செய்தவர், பாதிப்பைச் சந்தித்தவர், இவர்களோடு தெருவில் இதனால் நேரடியாகச் சிரமப்படுகிறவர்கள் என ஆறிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். வேடிக்கை பார்க்க வருகிறவருக்கு இடமில்லை. வர மறுப்பவரை வற்புறுத்தாதீர்கள்; அவருக்கு நெருக்கமான ஒருவர் அவர் சம்மதத்தோடு அவர் இடத்தில் உட்காரலாம்.

இடம் இரு தரப்புக்கும் பொதுவாக இருக்கட்டும். சங்கத் தலைவர் வீட்டு மொட்டைமாடியைவிடப் பள்ளி வகுப்பறை மேல். நடுவில் மேசை வேண்டாம். தண்ணீர் வையுங்கள். செல்போன்களை அணைத்து ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். பதினைந்து நொடி வீடியோ ஒன்று தெரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால் அத்தனை வேலையும் வீண்.

வட்டத்தில் பேச்சு நிகழ்காலம், கடந்தகாலம், எதிர்காலம் என்ற வரிசையில் போகும். முதல் சுற்றுக் கேள்வி: அந்தச் செயலையும் அதனால் வந்ததையும் நினைக்கும்போது இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது, அது யாருக்குத் தெரிய வேண்டும்? பாதிப்பைச் சந்தித்தவர் தொடங்குவார், பிறகு செய்தவர், பிறகு மற்றவர்கள். யாரைப் பார்த்துச் சொன்னாரோ அவர், தான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாம் தங்கியிருப்பது இந்த இடத்தில்தான். ஒயரைப் பிடுங்கியவர் பேசும் முறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

“அப்பா ஆபரேஷன் முடிஞ்சு வந்து ரெண்டாவது நாள் தம்பி. ராத்திரி பதினொன்றரைக்கும் சத்தம் நிக்கல. இப்ப நினைச்சாலும் உடம்பு நடுங்குது.”

நடத்துபவர் விழாக்குழு இளைஞரிடம், “தம்பி, அண்ணன் சொன்னதுல உங்களுக்கு என்ன கேட்டுச்சு?”

“நாங்க வேணும்னே பண்ணோம்னு சொல்றாரு.”

“அண்ணே, நீங்க சொல்ல வந்தது அதுதானா?”

“இல்ல. அப்பாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துட்டேன். அதைத்தான் சொல்றேன்.”

“தம்பி, இப்ப என்ன கேட்டுச்சு?”

“அவங்க அப்பாவை நினைச்சுப் பயந்திருக்காரு.”

“ஆமா.”

அந்த “ஆமா” வரும்வரை அடுத்தவரிடம் போகக் கூடாது. நான்கு தடவை ஆனாலும் சரி. திருப்பிச் சொல்வதால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடாது என்பதை முன்சந்திப்பிலேயே விளக்கிவிடுங்கள், இல்லையென்றால் இளைஞர் இங்கே முரண்டு பிடிப்பார்.

ரோசன்பர்க் சொன்ன நான்கு கூறுகள், அதாவது கண்டது, உணர்ந்தது, தேவைப்பட்டது, கேட்டுக்கொள்வது ஆகியவை நடத்துபவர் மனதில் இருந்தால் போதும். “நீங்கள் இப்படிச் செய்யும்போது நான் இப்படி உணர்கிறேன்” என்ற வாய்ப்பாட்டை மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் பேச்சு செயற்கையாகிவிடும், எதிரில் இருப்பவருக்குக் கோபம்தான் ஏறும். திட்டுகிறவர் திட்டட்டும். “எங்கள மதிக்கவே இல்ல” என்பது உணர்ச்சி போல ஒலித்தாலும் அது அடுத்தவர் மீது வைக்கும் குற்றச்சாட்டு. அதற்குள் இருப்பதை நடத்துபவர் கேள்வியாகக் கேட்கலாம்: “மாசக்கணக்கா உழைச்சு நடத்துன விழா, நாலு பேர் முன்னாடி நின்னுபோனது வருத்தமா இருந்துச்சா?” ஊகம் தவறானால் அவரே திருத்துவார்.

இரண்டாம் சுற்று: அந்த நேரத்தில் அப்படிச் செய்தபோது எதைத் தேடினீர்கள்? செய்தவர் தொடங்குவார், ஆனால் எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். சத்தத்தைக் கேட்டும் கதவை மூடிக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு. “ஏன் செய்தீர்கள்?” என்று மட்டும் கேட்காதீர்கள், விசாரணை வாடை வந்துவிடும்.

மூன்றாம் சுற்று: இனி என்ன நடக்க வேண்டும், உங்களால் என்ன செய்ய முடியும்? பெரியவர்கள் இங்கேதான் அவசரப்பட்டு “மன்னிப்பு கேட்டுட்டு கை குடுங்கப்பா” என்பார்கள். மன்னிப்பு தானாக வந்தால் நல்லது. வாங்கிக் கொடுத்த மன்னிப்பு, கேட்டவருக்கு அவமானமாகவும் பெற்றவருக்குப் போலியாகவும் நிற்கும். “ஒற்றுமையாக இருப்போம்” என்றெல்லாம் எழுதாமல், யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன்பு குழுவிலிருந்து இரண்டு பேர் வீடு வீடாகப் போய் நோயாளி, கைக்குழந்தை இருக்கிறார்களா என்று கேட்பது. ஒயருக்கு ஆன செலவை மாதக் கடைசிக்குள் கொடுப்பது. சத்தம் தாங்கவில்லை என்றால் அழைக்க ஒரு குறிப்பிட்ட எண். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அரசு சிறப்பு அனுமதி தரும் சில நாட்கள் மட்டும் நள்ளிரவுவரை. அதனால் பத்து மணிக்கு நிறுத்துவதை ஒரு தரப்பு மற்றதற்குச் செய்யும் சலுகையாக எழுத வேண்டாம். முடியாது என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை இருக்கட்டும். சொன்னால் முகம் சுளிப்பார்கள் என்றால் அது வேண்டுகோள் இல்லை, கட்டளை.

மூன்று நான்கு வாரத்தில் அதே ஆட்கள் அதே இடத்தில் கூட வேண்டும். அந்தத் தேதியை வட்டம் கலையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டதில் எது நடந்தது, நடந்ததால் நினைத்தது கிடைத்ததா என்று கேளுங்கள். பணம் வந்தும் மனக்குறை தீரவில்லை என்று ஒருவர் சொன்னால் வேறு ஏற்பாடு தேவை. நடக்காமல் போயிருந்தால் பழி பேசாமல், எது தடுத்தது என்று விசாரியுங்கள். பெரும்பாலும் முடியாத ஒன்றை அன்று கூச்சப்பட்டு ஒத்துக்கொண்டிருப்பார்கள். தொகையைக் குறைத்தோ தேதியைத் தள்ளியோ எழுதினால் நடக்கும்.