மருந்தை ஒளித்த சபை: வாசகர் கேள்விகள்

கேள்வி: ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் ஸ்டார்ஃப்ளீட் என்பது ஆராய்ச்சிக்கான அமைப்பு, ராணுவம் இல்லை என்கிறார்கள். ஆனால் கப்பல் நிறைய ஆயுதம்! இது ஏமாற்று இல்லையா?

பதில்: ஆயுதம் வைத்திருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். எந்திரமும் உடலும் கலந்த ஒரு கூட்டம் கிரகம் கிரகமாக விழுங்கிக்கொண்டு வரும்போது வெறுங்கையோடு நில் என்று யாரிடமும் சொல்ல முடியாது. எனக்கு உறுத்துவது பெயர்தான். டிஃபையன்ட் கப்பலை அந்தக் கூட்டத்தோடு மோதவே கட்டினார்கள், ஆனால் ஏட்டில் அது துணைக்கப்பலாம். போர்க்கப்பல் என்று ஒப்புக்கொண்டால்தானே அதை யாரைக் கேட்டு, எப்போது எடுக்கலாம் என்று விதி போட முடியும்?

கேள்வி: டொமினியன் போரில் எதிரி இனத்துக்கே நோயைப் பரப்பியது தவறா? தோற்றிருந்தால் கோடிக்கணக்கான பேர் செத்திருப்பார்களே.

பதில்: தவறுதான், சந்தேகமே இல்லை. ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையில் வந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’ (1993–1999) பார்க்காதவர்கள் மன்னிக்கவும், முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. பல கிரகங்கள் சேர்ந்த கூட்டமைப்புக்குத்தான் ஸ்டார்ஃப்ளீட் வேலை செய்கிறது. அதோடு போரிடும் டொமினியன் என்ற பேரரசை ஆள்பவர்கள் உருமாறும் இனத்தார். அதே இனத்தில் பிறந்து, கூட்டமைப்பின் பக்கம் உள்ள விண்நிலையத்தில் காவல் அதிகாரியாக இருக்கும் ஓடோவின் உடம்பில், அவருக்கே தெரியாமல், செக்‌ஷன் 31 என்ற ரகசிய அமைப்பு கிருமியை ஏற்றிவிடுகிறது. அவர் மூலமாக மொத்த இனத்துக்கும் பரவுகிறது. பலரும் செக்‌ஷன் 31-ஐத்தான் திட்டுவார்கள். என் கோபம் அதைவிடக் கூட்டமைப்பின் கவுன்சில் மேல்தான். அந்த விண்நிலையத்தின் டாக்டர் பஷீர் மருந்தைக் கண்டுபிடித்து ஓடோவைக் காப்பாற்றிய பிறகும், எதிரிக்கு அதைத் தருவதில்லை என்று அந்தச் சபை முடிவெடுத்தது. கிருமியை யாரோ திருட்டுத்தனமாகப் பரப்பினார்கள், சரி, மருந்தை மறுத்தது யார்?

துப்பாக்கியோடு எதிரே வருபவனைச் சுடுவதும், சண்டைக்கே வராதவர்களையும் சேர்த்து ஓர் இனமே அழியட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பதும் ஒன்றாகாது. நான் மேலே சொன்ன அந்த எந்திரக் கூட்டத்தில் ஒருவன் கையில் சிக்கியபோது, 1992-இல் வந்த வேறொரு ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் அத்தியாயத்தில், கேப்டன் பிக்கார்டுக்கும் இதே வாய்ப்பு வந்தது: அவன் மூலமாக ஒரு நிரலை அனுப்பி மொத்தக் கூட்டத்தையும் அழித்துவிடலாம். அவனும் தனி மனம் உள்ள ஓர் உயிர் என்று தெரிந்ததும் பிக்கார்ட் கைவிட்டுவிட்டார். அதற்காக மேலதிகாரியிடம் திட்டும் வாங்கினார். அந்தக் கூட்டம் பிறகும் ஆட்களைக் கொன்றது, அதை மறைக்க மாட்டேன், ஆனாலும் நான் பிக்கார்ட் பக்கம்தான்.

அப்புறம் டொமினியன் போர் எப்படி முடிந்தது என்று பாருங்கள். டொமினியன் தலைமையகம் இருந்த கார்டேசியா கிரகத்தைப் படைகள் சூழ்ந்து நின்றபோதும் எதிரித் தலைவி பணியவில்லை, கடைசி ஆள் வரை மோதத் தயாராக இருந்தாள். ஓடோ தனியாகப் போய், அவளோடு கலந்து, நோயைக் குணமாக்கினார். அதற்குப் பிறகுதான் படைகளைச் சரணடையச் சொன்னாள், விசாரணைக்கும் ஒப்புக்கொண்டாள். அவள் மனம் மாறாமல் போயிருந்தாலும் மருந்தைக் கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன்.