46 மணி நேரம் உட்காராம ஆடணுமா?

கேள்வி: மேடம், என் பொண்ணு பென்சில்வேனியாவுல பென் ஸ்டேட் யுனிவர்சிட்டில மூணாவது வருஷம் படிக்கிறா. வர்ற பிப்ரவரில அங்க நடக்குற டான்ஸ் மாரத்தான்ல ஆடப்போறாளாம், 46 மணி நேரம் தூங்கவும் கூடாது உட்காரவும் கூடாதாம். கேன்சர் வந்த குழந்தைகளுக்காகன்னு சொல்றா. இவ ஆடுறதால அந்தக் குழந்தைக்கு என்ன ஆகப்போகுது, காசை நேரா குடுத்துடலாமேன்னு அவ அப்பா கேக்குறார். எனக்கு அவ உடம்பை நினைச்சாதான் பயமா இருக்கு.

பதில்: அப்பா கேட்டது நியாயமான கேள்வி, அதையே முதல்ல எடுத்துக்குறேன். ஆடுறதால மட்டும் காசு வந்துடாது. அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா பசங்க மெயில் போட்டு, சொந்தக்காரங்களுக்கு போன் பண்ணி, கடை கடையா ஏறி ஸ்பான்சர் கேட்டு அலையுறாங்களே, பெரும்பாலும் காசு அங்கதான் சேருது. ஆனா அந்த ஆட்டம்னு ஒண்ணு இல்லேன்னா இந்த அலைச்சலும் இருக்காது. பிப்ரவரின்னு ஒரு தேதி முன்னால நிக்குது, நம்ம ஆளு ஒருத்தி மேடைல நிக்கப்போறான்னு தெரியுது, அதனாலதான் மொத்த குரூப்பும் அவளுக்காக ஓடுது. நேரா குடுத்துடுங்கன்னு சொல்லிப் பாருங்க, ஆளுக்கு இருபது டாலரைக் குடுத்துட்டு மறந்துடுவாங்க. 1973ல இது முதல் தடவை நடந்தப்போ 30 மணி நேரம்தான் ஆட்டம், வசூல் 2,000 டாலருக்குக் கொஞ்சம் மேல. 2025ல ஒரே வருஷத்துல வந்தது 1 கோடியே 77 லட்சம் டாலர். இதை ஆயிரக்கணக்கான மாணவர்களே எடுத்து நடத்துறாங்கங்கறதுதான் எனக்கு ரொம்பப் பெரிய விஷயமா படுது.

அந்தக் காசு எங்க போகுதுன்னா, 1977லேர்ந்து ஃபோர் டயமண்ட்ஸ் அமைப்புக்குத்தான். கிறிஸ்டோபர் மில்லர்ட்னு 14 வயசுப் பையன் கேன்சர்ல இறந்துபோனான், அவனோட அப்பா அம்மா 1972ல ஆரம்பிச்சது இது. பென்சில்வேனியாவுலயே ஹெர்ஷிங்கற ஊர்ல இருக்குற பென் ஸ்டேட் குழந்தைகள் ஆஸ்பத்திரில சிகிச்சை எடுக்குற குழந்தைகளுக்கு இன்சூரன்ஸ் குடுத்தது போக மிச்சம் நிக்கிற சிகிச்சைச் செலவை இவங்க கட்டுறாங்க, அங்க நடக்குற ஆராய்ச்சிக்கும் குடுக்குறாங்க. மிச்சம்தானேன்னு லேசா நினைச்சுடாதீங்க. குழந்தைகளுக்கு அதிகமா வர்ற கேன்சர் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியாங்கற ரத்தப் புற்றுநோய், அதுக்கு கீமோ மட்டுமே ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடும். நடுவுல காய்ச்சல் வந்தா திரும்ப அட்மிஷன், அப்பா அம்மால ஒருத்தர் வேலையை விட்டே ஆகணும், கூடப்பிறந்த குழந்தையை யார் பாத்துக்குறதுன்னு தெரியாது. இந்த நிலைமைல தபால்ல ஒரு பில் வந்து விழுந்தா அதைப் பிரிக்கவே கை வராது. அந்த பில் வராமலே பாத்துக்குறாங்க, அது எவ்வளவு பெரிய நிம்மதின்னு அந்த வீட்டுக்காரங்களைக் கேட்டாதான் தெரியும்.

அப்படீன்னா எதுக்கு ஆடணும்? அந்தக் குழந்தைங்க அங்க வர்றாங்கம்மா. தலைல முடி இல்லாத ஒரு வாண்டு கைல தண்ணித் துப்பாக்கியை வச்சுக்கிட்டு, கண்ணு சொருகி நிக்கிற காலேஜ் அண்ணன் முகத்துல பீச்சி அடிச்சுட்டு ஓடும், அந்த அண்ணன் முழிச்சுக்கிட்டு பின்னாடியே துரத்துவான். ஞாயித்துக்கிழமை கடைசி சில மணி நேரத்துல குடும்பங்கள் மேடையேறிப் பேசுவாங்க, குழந்தையைப் பறிகொடுத்தவங்களும் அதுல உண்டு. கால் வீங்கி நிக்கிற உங்க பொண்ணு அதை நின்னுக்கிட்டே கேப்பா. ஆஸ்பத்திரில ராத்திரி முழுக்க முழிச்சிருந்த ஒரு அம்மாவுக்கு, யாரோ பெத்த பிள்ளைங்க நமக்காக ரெண்டு ராத்திரி முழிச்சிருக்காங்கன்னு தெரியும்போது வர்ற தெம்பை செக்ல எழுதி அனுப்ப முடியாது. அவ அப்பாகிட்ட இதைச் சொல்லுங்க.

உடம்பைப் பத்தி சொல்றேன். வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு முடியும். 46 மணி நேரமும் குதிச்சுக்கிட்டே இருக்கணும்னு இல்ல, நின்னுக்கிட்டு நடந்துக்கிட்டு இருந்தா போதும், மணிக்கொரு தடவை எல்லாரும் சேர்ந்து ஒரே ஸ்டெப் போடுவாங்க. ஆடுறவங்களைக் கூடவே இருந்து கவனிக்கிறதுக்குன்னே மாணவர்கள் இருக்காங்க. ஆனாலும் பாதம் வீங்கும், முதுகு வலிக்கும், ரெண்டாவது ராத்திரில தலை குழம்பும், இதெல்லாம் நிஜம். அதனால முந்தின வாரம் நல்லா தூங்கச் சொல்லுங்க, காபியை சில வாரம் முன்னாடியே குறைக்கச் சொல்லுங்க, ஒரு சைஸ் தாராளமான இன்னொரு ஜோடி ஷூவும் நிறைய சாக்ஸும் எடுத்துக்கட்டும், தாகம் எடுக்குறதுக்கு முன்னாடியே தண்ணி குடிக்கட்டும். சுகரோ, இதயப் பிரச்சனையோ, வலிப்போ இருந்தா டாக்டரைக் கேக்காம ஆடவே கூடாது. நடுவுல மயக்கம் வந்தா வீறாப்பு வேண்டாம், நிறுத்திடணும். முக்கியமா, முடிஞ்சதும் அவ காரை எடுக்கவே கூடாது. ரெண்டு நாள் தூங்காதவ ஸ்டியரிங்கைப் பிடிக்கிறதுதான் இந்த மொத்த விஷயத்துலயே பெரிய ஆபத்து.

கேள்வி: என் பையன் படிக்கிற காலேஜ்லயும் டான்ஸ் மாரத்தான் உண்டு, அதுவும் இதே மாதிரிதானா?

பதில்: பேர் ஒண்ணா இருந்தாலும் எல்லாம் ஒண்ணு இல்ல. இண்டியானா யுனிவர்சிட்டில எய்ட்ஸ்ல இறந்துபோன ரையன் வைட்ங்கற பையனோட நினைவா 1991ல ஆரம்பிச்சாங்க, அங்க காசு ரைலி குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகுது, எல்லா நோயும் அதுல அடக்கம். காசு எந்த ஆஸ்பத்திரிக்குப் போகுது, எந்தச் செலவுக்கு, நிகழ்ச்சி நடத்துற செலவு யார் கணக்குல, இந்த மூணையும் பையனைக் கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

கேள்வி: எங்க குழந்தைக்கு கீமோ நடக்குது. ஒரு மாணவர் குழு எங்களை இந்த மாதிரி நிகழ்ச்சிக்குக் கூப்பிடுறாங்க. கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

பதில்: குழந்தையோட டாக்டர் சரின்னா போங்க. கீமோவுல, தொற்றை எதிர்க்குற வெள்ளை அணுக்கள் எப்போ குறையும்னு அவருக்குத்தான் தெரியும், அந்த வாரத்து ரத்தப் பரிசோதனையைப் பாத்துட்டு சொல்லச் சொல்லுங்க. சளி இருமல் இருக்குற மாணவர்கள் கிட்ட வரவேண்டாம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, அவங்க கட்டாயம் புரிஞ்சுப்பாங்க. சத்தம் பயங்கரமா இருக்கும், காதுக்கு ஹெட்போன் மாட்டுங்க. போட்டோ வேண்டாம், மேடை வேண்டாம்னு தோணினா தயங்காம சொல்லலாம், உதவி வாங்குறோமேங்கற கூச்சத்துல எதுக்கும் தலையாட்டாதீங்க. வந்தப்புறம் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டா காலைல பாத்துக்கலாம்னு இருக்காம, எந்த நேரமா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுங்க.