பிள்ளை பெறச் சொல்லும் முன்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர். எங்கள் அம்மா எட்டுப் பிள்ளை பெற்றார். எனக்கு நான்கு. தனியார் அலுவலகத்தில் வேலை செய்யும் என் மகளுக்கு முன்பள்ளி போகும் ஒரே ஒரு மகன். "இனிப் போதும் அப்பா" என்கிறாள். அவளோடு படித்த பெண்களும் அதையே சொல்கிறார்கள். இப்படிப் போனால் திருகோணமலையில் தமிழன் எங்கே மிஞ்சுவான்? சொகுசுக்காகப் பிள்ளை வேண்டாம் என்னும் இந்தத் தலைமுறைக்கு உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை எழுதக் கூடாதா?
- ஒரு வாசகர், உவர்மலை

பதில்: உறைக்கிற மாதிரியே எழுதுகிறேன் ஐயா. ஆனால் உங்கள் மகளுக்கு அல்ல.

சொகுசு என்கிறீர்கள். உங்கள் பேரன் கைக்குழந்தையாக இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 2021 ஒக்டோபருக்கு முன் 380 ரூபாய்க்கு விற்ற 400 கிராம் பால்மா, 2022 மார்ச்சில் 790 ரூபாய். அதுவும் வரிசையில் நின்றால்தான். அடுத்த மாதமே நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அந்த நாட்களில் கைப்பிள்ளையோடு கடை கடையாக ஏறி இறங்கிய ஒருத்தி, இன்னொரு பிள்ளை என்றதும் யோசிக்கிறாள். அதைச் சொகுசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவள் தனியாக யோசிக்கவும் இல்லை. 2020இல் இலங்கையில் பிறந்த பிள்ளைகள் 3 இலட்சத்துக்குச் சற்று மேல். 2024இல் ஏறத்தாழ 2 இலட்சத்து 20 ஆயிரம். நான்கு வருடத்தில் கால் பங்குக்கு மேல் விழுந்துவிட்டது. இந்தச் சரிவைச் சிங்களத் தாய், முஸ்லிம் தாய், தமிழ்த் தாய் எல்லோரும் சேர்ந்துதான் காட்டுகிறார்கள்.

உங்கள் கவலையைப் பொய் என்று சொல்லமாட்டேன். 2012 கணக்கெடுப்பில் 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். 2024இல் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. முதியவர்களைத் தாங்க இளையவர்கள் வேண்டும், அது உண்மை. ஆனால் உங்கள் அம்மாவின் எட்டை உங்கள் மகளுக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். 1940களின் நடுவில் இந்த நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 140 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. எத்தனை தங்கும் என்று தெரியாமல் பெற்ற காலம் அது. பிறகு கிராமம் கிராமமாக மருத்துவமாது வந்தார், தடுப்பூசி வந்தது, பெண்கள் படித்தார்கள், பிள்ளைகள் பிழைத்தார்கள். 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அரசாங்கமே 500 ரூபாய் கொடுத்தது. சிறிய குடும்பமே நல்லது என்று நாடே சொல்லிக்கொடுத்த பாடத்தைப் படித்துத் தேறியவர்களை இப்போது குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

செலவுக்கு வருகிறேன். அரசாங்கத்தின் மேல் போடக்கூடிய பழியை நீங்களும் நானும் ஆளுக்கொரு பக்கம் எழுதலாம். எனக்குக் கோபம் வருவது, நாமாகவே பிள்ளைகளின் தலையில் ஏற்றிவைத்த செலவுகளைப் பார்க்கும்போதுதான்.

முதலாவது சீதன வீடு. பெண்ணுக்கு வீடு கொடுப்பது கிழக்கின் வழக்கம். தாயின் வளவுக்குள் ஓர் ஓலை வீடு, பக்கத்தில் அக்கா, அடுத்த வேலியில் சித்தி என்று பெண்ணுக்குக் காவலாக இருந்த வழக்கம் அது. அதை நாம் என்னவாக ஆக்கிவைத்திருக்கிறோம்? மாபிள் பதித்த கல்வீடு, நகை, மாப்பிள்ளை கையில் காசு. வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் தொகையைச் சொல்லவே வாய் கூசுகிறது. இரண்டு பெண் பிள்ளை என்றால் இரண்டு வீடு. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே பாரம்தான். மகளுக்கு வீடு எழுப்புவதற்காகத் தாய் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போகிறாள். அந்த மகள் தாயில்லாமல் வளர்கிறாள். இதைக் கண்டு வளர்ந்த பெண், தன் முதல் குழந்தையே பெண் என்று தெரிந்ததும் "போதும்" என்றால், அவள் காதில் விழுந்தது நம் எல்லோரின் குரலும்தான். பேரப்பிள்ளை இல்லையே என்று அழும் பெரியவர்களில் எத்தனை பேர் மகனுக்குச் சீதனம் வேண்டாம் என்று எழுந்து சொன்னவர்கள்?

அடுத்தது படிப்பு. 1945 முதல் இலவசக் கல்வி தரும் நாடு இது. பாடநூல் இலவசம், சீருடை இலவசம். ஆனாலும் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு மூன்றாம் தரத்திலிருந்தே டியூஷன் என்ற நிலைக்கு வந்துவிட்டோம். பத்து வயதுப் பிள்ளையின் புள்ளியைக் குடும்ப மானமாக்கியது யார்? பெற்றோர் கூட்டங்களில் இதைக் கேட்டால் எல்லோரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள். சாமத்திய வீட்டுக்கு மண்டபமும் வீடியோவும் வைத்துக் கடன்படுவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

"தமிழன் எங்கே மிஞ்சுவான்" என்ற கேள்விக்கு ஒதுங்காமல் பதில் சொல்கிறேன். 1983, 1990, 2006 ஆகிய வருடங்களில் கலவரத்துக்கும் போருக்கும் பயந்து இங்கிருந்து போனவர்களை நீங்கள் அறிவீர்கள். 2006இல் சம்பூரை விட்டு ஓடியவர்கள் சொந்தக் காணிக்குத் திரும்பப் பத்து வருடமளவில் ஆனது. அந்தப் பிள்ளைகள் முகாம்களில் வளர்ந்தார்கள். பிறந்த பிள்ளைகளுக்குக் காணியும் வேலையும் பாதுகாப்பும் இல்லாமல் போனதால்தான் நாம் குறைந்தோம். இருக்கும் பிள்ளைகளே கொழும்புக்கும் கனடாவுக்கும் போகும் ஊரில், மாவட்டத்தின் நான்கு பாராளுமன்ற ஆசனங்களுக்குத் தலை சேர்ப்பதற்காக ஒரு பெண்ணைப் பிள்ளை பெறச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அவள் உடம்பு, அவள் வலி, அவள் வாழ்வு.

மிஞ்சுவது நேரம். தனியார் துறையில் உங்கள் மகளுக்குச் சட்டம் தந்த பேறுகால விடுமுறை 84 நாட்கள். மருமகனும் தனியார் துறை என்றால் அவருக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. அரச ஊழியர் என்றால் மூன்று நாள். தென் கொரியா வருடக்கணக்காகப் பணத்தைக் கொட்டியும் 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 பிள்ளைதான். வேலையும் வீடும் பிள்ளையும் அவள் ஒருத்தி தலையில் இருக்கும்வரை காசு கொடுத்தாலும் அவள் மறுக்கிறாள்.

முன்பள்ளி மதியத்துக்குள் விட்டுவிடும். உங்கள் மகள் வீடு வர மாலை ஐந்தாகும். நடுவில் பேரனை யார் பார்க்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள்தான் என்றால் என் வணக்கம். இல்லையென்றால் நாளையிலிருந்து நீங்கள் போய்க் கூட்டி வாருங்கள், சோறு ஊட்டுங்கள். உங்களைப்போல் ஓய்வூதியம் பெறும் ஆண்கள் உங்கள் வீதியிலேயே பலர் இருப்பார்கள். நம் கோயில் மண்டபங்கள் வார நாட்களில் பூட்டியே கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்புக்குத் திறந்துவிடச் சொல்லி அறங்காவலர்களிடம் கேளுங்கள். பயிற்சி பெற்ற இரண்டு பெண்களுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்க வெளிநாட்டு உறவுகளிடம் காசு கேட்கலாம். கோபுரத்துக்கு வண்ணம் பூசக் கேட்டால் தருகிறார்கள்தானே. அப்படி ஒன்று தொடங்க முன்வந்தால் எழுதுங்கள். அடுத்த இதழில் ஒரு முழுப் பக்கம் அதற்கு ஒதுக்குகிறேன்.