பழைய ஆங்கில கிரீம்வேர் (பாலேட்டு நிற மட்பாண்டம்) பாண்டங்களைச் சேகரிக்கத் தொடங்குகிறேன். அடியில் செய்த தொழிற்சாலையின் முத்திரை இருந்தால் நம்பி வாங்கலாமா?

முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், ஏதோ ஒரு தட்டை ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்றும், அதன் அடியில் அழுந்தியிருக்கும் எழுத்துகள் உங்கள் மனத்தைப் பாதி கரைத்துவிட்டன என்றும் தோன்றுகிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் குடியேறிய மூன்றாம் ஆண்டில், ஓர் ஏலத்தில், விளிம்பு முழுவதும் சல்லடை போலத் துளையிட்ட ஒரு தட்டை 160 பவுண்டு கொடுத்து எடுத்தேன். 'லீட்ஸ் பாட்டரி' என்று அடியில் தெளிவாகப் பதிந்திருந்தது. ஏலப் பட்டியலும் 18ஆம் நூற்றாண்டு என்றே சொன்னது. சில மாதங்கள் கழித்து, நெடுங்காலமாகச் சேகரித்து வரும் பெரியவர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் வாங்கியவுடனேயே, 'இது கனக்கிறதே' என்றார். 1770 வாக்கில் தொடங்கிய லீட்ஸ் பாண்டத் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனியர் என்ற குயவர் குடும்பத்தார் அதே பழைய வடிவங்களை மீண்டும் செய்து, அதே பெயரையும் பதிக்க, ஸ்லீ என்ற வணிகர் அவற்றை விற்றார் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஏல நிறுவனத்துக்கு எழுதினேன். பட்டியலில் உள்ளவை தங்கள் கருத்து மட்டுமே என்று இரண்டு வரியில் பதில் வந்தது. பணம் திரும்பி வரவில்லை.

அந்தப் பெரியவர் அன்று சொல்லிக் கொடுத்ததைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். கிரீம்வேர் பீங்கான் அன்று. வெளிர்நிறக் களிமண்ணோடு, சுட்டுப் பொடித்த சக்கிமுக்கிக் கல்லைக் கலந்து, கண்ணாடி போன்ற ஈய மெருகு பூசிச் சுட்ட மட்பாண்டம். 18ஆம் நூற்றாண்டின் நல்ல வேலைப்பாடுள்ள பாண்டத்தை எடுத்தால், அதன் அளவுக்குப் பொருந்தாத வகையில் லேசாக இருக்கும். கைப்பிடி உடலோடு சேரும் இடுக்கிலும் அடிவளையத்தின் ஓரத்திலும் மெருகு தேங்கி, இளம் மஞ்சளாகவோ பச்சை கலந்த மஞ்சளாகவோ தெரியும். அங்கே நீலச் சாயல் தெரிந்தால் அது பெரும்பாலும் பேர்ல்வேர். புகழ்பெற்ற ஆங்கிலப் பாண்டத் தொழிலதிபர் வெஜ்வுட் 1779இல் வெளியிட்ட, நீல நிறம் தரும் கோபால்ட் சேர்த்து வெண்மையாகக் காட்டிய அடுத்த தலைமுறைப் பாண்டம்.

கையால் தீட்டியவற்றில் முத்திரை இன்னும் குறைவாகவே உதவும். ஏனெனில் பாண்டம் செய்த இடமும் ஓவியம் தீட்டிய இடமும் பல வேளைகளில் வேறு வேறு. ரஷ்யப் பேரரசி கேத்தரீனுக்காக 1773-74இல் வெஜ்வுட் செய்த தவளைச் சின்னம் தீட்டிய விருந்துப் பாண்டத் தொகுதியின் 952 பாண்டங்களும் ஸ்டாஃபர்ட்ஷர் மாவட்டத்தில் உருவாகி, லண்டன் செல்சியில் இருந்த பட்டறையில் தீட்டப்பட்டவை. லீட்ஸின் வெறும் பாண்டங்கள் கப்பலேறிப் போய், ஹாலந்தில் ஆரஞ்சு அரச வம்ச இளவரசரின் உருவமும் விவிலியக் காட்சிகளும் தீட்டப்பட்டு விற்பனையாயின. ஆகவே முத்திரை உண்மையாகவே இருந்தாலும், தூரிகை பிடித்த கை எது என்பதை அது சொல்லாது. ஓவியத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். எனாமல் வண்ணம் மெருகின் மேல் தீட்டிச் சுடப்பட்டதால், விரல் நுனியில் சற்றே தட்டுப்படும். இருநூறு ஆண்டுப் புழக்கத்தில் தேய்ந்தும் இருக்கும். கத்திக் கீறல் ஓவியத்தை அறுத்துக்கொண்டு போனால் நல்லது. கீறலின் மேல் வண்ணம் ஏறியிருந்தால், வெறும் தட்டில் பின்னாளில் எவரோ தீட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவதாக நான் வாங்கியது ஒரு சிறிய தேநீர்க் கெண்டி. முத்திரை இல்லை, மூக்கு நுனி உடைந்திருந்தது, மூடியும் இல்லை, 45 பவுண்டுதான். பின்னிய இரட்டைக் கைப்பிடியின் முனைகளில் பூவும் இலையும் ஒட்டியிருக்கின்றன. வயிற்றில் இரும்புச் சிவப்பிலும் கறுப்பிலும் ஒரு ரோசாப்பூ. இதழ் ஒவ்வொன்றும் தூரிகையின் ஒரே இழுப்பு, ஓரிடத்திலும் திருத்தம் இல்லை. அந்தக் கை யாருடையது என்று எங்கும் எழுதப்படவில்லை. அதைத் தொடும்போதெல்லாம் அந்த ஆள்மீது எனக்கு மரியாதை வருகிறது. வெள்ளைக்காரன் வீட்டு உடைசலுக்கு இவ்வளவு பணமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் காசு கொடுத்தது கூலிக்குத் தீட்டிய ஒரு தொழிலாளியின் கைத்திறனுக்கு. முத்திரையே வீண் என்றும் நான் சொல்லவில்லை. பாண்டம் சொல்வதோடு அது ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் உடைந்த பாண்டங்களைத் துளையிட்டு, உலோகக் கொக்கி மாட்டி இணைத்தார்கள். என் கெண்டியின் அடியிலும் அப்படி மூன்று கொக்கிகள் உள்ளன. இப்போது பலர் அவற்றைப் பிடுங்கி, பிசின் அடைத்து, மேலே வண்ணம் தெளித்து, குறையற்றது என்று விற்கிறார்கள். ஒரு வீட்டார் அந்தப் பொருளை எறிய மனமில்லாமல் கூலி கொடுத்து இணைத்த சாட்சி அதோடு அழிந்துபோகிறது. வாங்குபவருக்கோ மறைத்த பழுதும் கூடுதல் விலையும்தான் மிஞ்சுகின்றன. அப்படிப்பட்டதைப் புற ஊதா விளக்கின் கீழ் காட்டச் சொல்லுங்கள். தெளித்த பகுதி பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும்.

முதல் ஓராண்டுக்கு உடைந்தவற்றையும் முத்திரை இல்லாதவற்றையும் மட்டுமே மலிவாக வாங்கிக் கையைப் பழக்குங்கள். அவற்றில் எதையும் உணவுக்கோ தேநீருக்கோ பயன்படுத்தாதீர்கள். மெருகில் இருப்பது ஈயம். அந்த 160 பவுண்டுத் தட்டை நான் விற்கவில்லை. கெண்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சேகரிக்க ஆசைப்பட்டு வருபவர்களிடம், கண்ணை மூடச் சொல்லி, முதலில் தட்டையும் பிறகு கெண்டியையும் கையில் கொடுக்கிறேன்.