முதலில் கை வைத்தது அவன்தானே?

கேள்வி: ஒரு சிறிய அலுவலகத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரே ஐபி முகவரியிலிருந்து ஓர் இரவில் மட்டும் 4,000 தடவைக்கு மேல் எஸ்எஸ்எச்சில் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) பாஸ்வேர்டு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கணினியை என்மேப் என்ற கருவியை வைத்து, எந்த வாசல்கள் திறந்திருக்கின்றன என்று ஸ்கேன் செய்து, என்ன ஏது என்று பார்த்தால் தப்பா? முதலில் கை வைத்தது அவன்தானே?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. லாக்கில், அதாவது சர்வர் எழுதிவைக்கும் பதிவில், வரிவரியாக அது ஓடும்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது கஷ்டம். ஒருமுறை நானும் அப்படி இருக்கவில்லை.

பல வருடங்களுக்கு முன்பு, நள்ளிரவு தாண்டிய நேரம். என் சர்வரைத் தட்டிக்கொண்டிருந்த முகவரியை ஸ்கேன் செய்தேன். இணையப் பக்கங்களுக்கான வாசலான 80ஆம் போர்ட் திறந்திருந்தது. பிரவுசரில் போட்டால் லாகின் பக்கம் வந்தது. பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின் என்று அடித்தேன். திறந்துவிட்டது. திரையில் ஒரு படுக்கையறை. அங்கே பகல். கட்டிலில் வயதான ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், பக்கத்து ஸ்டூலில் மருந்து பாட்டில்கள். அவரைத் தூரத்திலிருந்து கவனித்துக்கொள்ள யாரோ மாட்டிவைத்த கேமரா அது. அதற்குள் புகுந்த மால்வேர் என்ற கெட்ட நிரல்தான் என் சர்வரைத் தட்டிக்கொண்டிருந்தது. பிரவுசரை மூடிவிட்டேன். அந்த அறையைப் பார்க்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. இன்றும் அது உறுத்துகிறது.

2016இல் மிராய் மால்வேர் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது இப்படித்தான். வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றியிருக்கவில்லை. நீங்கள் 'அவன்' என்று சொல்கிற முகவரியில் பெரும்பாலும் அவன் இருக்கமாட்டான். அவனிடம் மாட்டிக்கொண்ட வேறு யாரோ இருப்பார். ஒரே முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான வீடுகள்கூட இருக்கலாம்.

சரி, எதுவரை போகலாம்? உங்கள் லாக்கைப் படியுங்கள். முகவரி எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்று ஹூயிஸ் என்ற பொதுப் பதிவேட்டில் பாருங்கள். இதெல்லாம் அந்தக் கணினியைத் தொடுவதே இல்லை. ஸ்கேன் விஷயத்தில் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனாலும் வேண்டாம் என்பேன். எந்த போர்ட் திறந்திருக்கிறது என்று தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள்? தாக்குதலைத் தடுக்க அது உதவாது. அடுத்த கதவையும் தட்டத்தான் தோன்றும், எனக்குத் தோன்றியதே. அந்தப் பக்கத்து லாக்கில் தாக்குகிறவராகப் பதிவாவது நீங்கள்தான். உள்ளே லாகின் செய்வது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. பிரிட்டனில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படியே அது குற்றம், அவன் முதலில் செய்தான் என்பது அங்கே சாக்காகாது.

கேள்வி: உள்ளே போய் மால்வேரை நீக்கிவிட்டு வந்தால் அவர்களுக்கும் நல்லதுதானே?

பதில்: 2003இல் வெல்ச்சியா என்ற, தானாகவே பரவும் வார்ம் அதைத்தான் செய்தது. கணினிகளில் புகுந்து பிளாஸ்டர் என்ற இன்னொரு வார்மை நீக்கி, ஓட்டையை அடைக்கும் பேட்சையும் போட்டது. ஆனால் அடுத்த கணினியைத் தேடி அது அனுப்பிய பிங்குகளிலேயே (கணினி இருக்கிறதா என்று கேட்கும் சிறு செய்திகள்) பல நெட்வொர்க்குகள் திணறிப்போயின. 2021இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சர்வர்களில் தாக்கியவர்கள் விட்டுப்போன வெப் ஷெல் என்ற கள்ளவழிகளை அழிக்க அமெரிக்காவின் எஃப்பிஐகூட நீதிமன்ற அனுமதி வாங்கித்தான் போனது.

பாஸ்வேர்டு லாகினை நிறுத்திவிட்டு கீ மட்டும் (உங்கள் கணினியில் இருக்கும் ரகசியச் சாவிக் கோப்பு) வையுங்கள். தவறான பாஸ்வேர்டை திரும்பத் திரும்பப் போடும் முகவரியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போடுங்கள். அப்புறம், ஹூயிஸில் இருக்கும் புகார் முகவரிக்கு யுடிசி என்ற உலகப் பொது நேரத்தோடு பத்து லாக் வரிகளை அனுப்புங்கள். திட்ட வேண்டாம். அந்தக் கேமராவைப் பற்றி நானும் எழுதினேன், உள்ளே பார்த்ததையும் மறைக்கவில்லை. நான்காம் நாளிலிருந்து அந்த முகவரி என் லாக்கில் வரவில்லை.